தூக்க மிட்டாய் வாங்குமுன் கடிகாரத்தைப் பாருங்கள்

எஸ்.பி.எம். தேர்வு நெருங்கும்போது பெற்றோர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "சார், பிள்ளைக்கு ராத்திரியில தூக்கமே வரமாட்டேங்குது. இந்த மெலடோனின் கம்மி கொடுக்கலாமா? உடம்புல தானா சுரக்கிறதுதானாமே, ஒன்னும் செய்யாதாமே?" இணையச் சந்தையில் கரடிப் பொம்மை வடிவத்தில், பழச்சுவையில் அது கிடைக்கிறது. பார்த்தால் மருந்து என்றே தோன்றாது.

மருத்துவர் சொல்லாமல் கொடுக்காதீர்கள் என்பதுதான் என் பதில். ஆனால், காரணம் சொல்லாத பதிலை என் மாணவர்களே ஏற்கமாட்டார்கள். நீங்கள் ஏன் ஏற்கவேண்டும்? உடம்பில் தானாகச் சுரப்பது என்பது உண்மை. அதனால் ஒன்றும் செய்யாது என்பதுதான் தவறு. இன்சுலினும் உடம்பில் தானாகச் சுரப்பதுதான். அதை யாரும் மிட்டாயாக விற்பதில்லை.

மெலடோனினின் கதை தூக்கத்தில் தொடங்கவில்லை, தோலில் தொடங்கியது. 1917-இல் மெக்கார்டு, ஆலன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மாட்டின் மூளையிலுள்ள பினியல் சுரப்பியை எடுத்துத் தலைப்பிரட்டைகளுக்குக் கொடுத்தார்கள். அவற்றின் கருந்தோல் வெளிறிப்போனது. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, வெண்படை நோய்க்கு மருந்து கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்த யேல் பல்கலைக்கழகத் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர், பல்லாயிரக்கணக்கான மாட்டுப் பினியல் சுரப்பிகளிலிருந்து அந்தப் பொருளைத் தனியே பிரித்தெடுத்து, 1958-இல் மெலடோனின் என்று பெயரிட்டார். வெண்படைக்கு அது உதவவில்லை. இரவில் மட்டும் சுரக்கும் ஹார்மோன் என்ற செய்தி அதன்பின்தான் மெல்ல மெல்ல வெளிவந்தது. 1994-இல் இதற்கான ஏற்பியின் மரபணுவை முதன்முதலில் கண்டுபிடித்ததும் தவளையின் கருநிறத் தோல் செல்களில்தான்.

ஏற்பி என்பது என்ன? ஹார்மோன் இரத்தத்தில் உடம்பு முழுவதும் போகிறது. ஆனால், எல்லாச் செல்லும் அதைக் கவனிப்பதில்லை. கவனிக்கும் செல்லின் சவ்வில் அதற்கென்று ஒரு புரதம் பதிந்திருக்கும். அதுதான் ஏற்பி. மனித உடம்பில் மெலடோனினுக்கு இரண்டு ஏற்பிகள் உண்டு: எம்.டி.1, எம்.டி.2. முதலாவதில் 350 அமினோ அமிலங்கள், இரண்டாவதில் 362. இரண்டும் செல் சவ்வை ஏழு முறை ஊடுருவிச் சுருண்டிருக்கும். மெலடோனின் வந்து பொருந்தியதும் ஏற்பியின் உருவம் சற்றே மாறும். செல்லின் உட்பக்கத்தில் காத்திருக்கும் ஜி-புரதம் விழித்துக்கொண்டு உள்ளே செய்தி அனுப்பும்.

படிவம் நான்கு உயிரியலில் நொதியைப் பற்றிப் பேசும்போது பூட்டும் சாவியும் என்ற உவமையைச் சொல்லித் தருகிறோம். 1894-இல் எமில் ஃபிஷர் சொன்ன உவமை அது. ஏற்பிக்கும் அதையே சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால், 2019-இல் மெலடோனின் ஏற்பிகளின் வடிவம் முதன்முறையாக அணு அணுவாகத் தெரியவந்தபோது, உவமை கொஞ்சம் திருத்தப்பட வேண்டியதாயிற்று.

அந்த ஆண்டு ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் இரண்டு கட்டுரைகள் ஒன்றாக வெளிவந்தன. தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாடிம் செரெசோவும் அவருடைய குழுவினரும் மற்ற நாட்டு ஆய்வாளர்களோடு சேர்ந்து செய்த வேலை. இந்த ஏற்பிகளைப் படிகமாக்குவது பெரும்பாடு. சவ்விலிருந்து பிரித்தால் உருக்குலைந்துவிடும். சில அமினோ அமிலங்களை மாற்றி அவற்றை உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. அப்படியும் கிடைத்தவை கண்ணுக்குத் தெரியாத நுண்படிகங்கள்தாம். ஆகவே, ஸ்டான்ஃபோர்டு அருகிலுள்ள கட்டற்ற எலெக்ட்ரான் லேசரின் எக்ஸ் கதிரை அவற்றின்மேல் மின்னல் வெட்டுப்போல் பாய்ச்சினார்கள். படிகம் சிதறுவதற்குள் படம் பதிவாகிவிடும்.

அந்தப் படத்தில் வியப்பளித்தது வாசல்தான். இத்தகைய ஏற்பிகள் பலவற்றில் ஹார்மோன் செல்லுக்கு வெளியே இருந்து, மேற்புறத் திறப்பு வழியாக இறங்கும். எம்.டி.1-இல் அந்த மேற்புறத்தைப் புரதத்தின் ஒரு மடிப்பு மூடிபோல் அடைத்திருந்தது. வழி பக்கவாட்டில் இருந்தது: நான்காவது சுருளுக்கும் ஐந்தாவது சுருளுக்கும் இடையில், சவ்வின் கொழுப்புக்குள் திறக்கும் ஒரு குறுகிய சந்து. பழைய லயத்து வீடுகளில் முன்கதவு சாத்தியே கிடக்கும், தெரிந்தவர்கள் சந்துவழியாகப் பின்புறம் வருவார்கள் அல்லவா, அதுபோல. மெலடோனின் கொழுப்பில் கரையக்கூடியது. ஆகவே, அது முதலில் சவ்வுக்குள் கரைந்து, அங்கிருந்து பக்கவழியாக ஏற்பிக்குள் நுழைகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

உள்ளே போனபின் மூன்று பிடிகள். மெலடோனினின் நடுவே தட்டையான இரட்டை வளையம் ஒன்று உண்டு. அதன்மேல் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் தட்டின்மேல் தட்டு அடுக்கினாற்போல் படிகிறது. வளையத்தின் ஒரு முனையிலுள்ள மீத்தாக்சித் தொகுதியை அஸ்பராஜின் பிடிக்கிறது. மறுமுனை வாலை குளூட்டமின் பிடிக்கிறது. அறை மிகச் சிறியது. இந்தப் பிடிகளுக்கு ஒத்துவராத மூலக்கூறுக்கு அங்கே இடமில்லை.

இதில் நான் ரசிக்கும் இடம் ஒன்று உண்டு. மெலடோனின் செரோட்டோனினிலிருந்து உருவாகிறது. பகலில் செரோட்டோனின், இரவானதும் பினியல் சுரப்பியிலுள்ள நொதிகள் அதன் இரு முனைகளிலும் ஆளுக்கொரு தொப்பி மாட்டுகின்றன. ஒரு முனையில் அசிட்டைல், மறுமுனையில் மீத்தைல். அவ்வளவுதான் மாற்றம். ஆனால், தொப்பி மாட்டியதும் அது பழைய வீட்டுக்குள் போகமுடியாது. செரோட்டோனின் ஏற்பி மின்னேற்றமுள்ள அமைன் முனையைத் தேடுகிறது. அதைப் பிடிக்க அங்கே அஸ்பார்ட்டிக் அமிலம் காத்திருக்கிறது. மெலடோனின் ஏற்பியில் அந்த இடத்தில் அஸ்பார்ட்டிக் அமிலமே இல்லை. அம்மாவுக்கும் மகளுக்கும் முகஜாடை ஒன்று, ஆனால் வாசல் வேறு.

மருந்து செய்பவர்கள் இந்த மூன்று பிடிகளையும் பயன்படுத்திக்கொண்டார்கள். 2005-இல் அமெரிக்கா அங்கீகரித்த ராமெல்டியோன், மெலடோனினில் ஆடிக்கொண்டிருக்கும் மீத்தாக்சி முனையை ஒரு வளையமாக மடித்து அசையாமல் வைத்திருக்கிறது. அதனால் எம்.டி.1-ஐ மெலடோனினைவிட இறுக்கமாகப் பிடிக்கிறது. பார்வையற்றவர்களில் சிலருக்கு வெளிச்சம் தெரியாததால் உடல் கடிகாரம் 24 மணி நேரத்தைவிட்டு நழுவிக்கொண்டே போகும். அவர்களுக்கென்று 2014-இல் டாசிமெல்டியோன் வந்தது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அகோமெலட்டினும் இதே அறைக்குள் பொருந்தும். கூடவே ஒரு வகைச் செரோட்டோனின் ஏற்பியை அடைத்துவிடவும் செய்யும்.

'தூக்க மாத்திரை' என்று நாம் பொதுப்பெயர் சூட்டும் மற்றவை இந்த வாசல் பக்கமே வருவதில்லை. டயசெபாம், சோல்பிடெம் போன்றவை காபா ஏற்பியில் பொருந்தி மூளை நரம்புகளை அடக்குகின்றன. பழகிவிட்டால் விடுவது கடினம். சளிக்குக் கொடுக்கும் பிரிட்டோன் ஹிஸ்டமின் ஏற்பியை அடைப்பதால் உறக்கக் கலக்கம் தருகிறது. அழும் குழந்தையைத் தூங்கவைக்க இருமல் மருந்து கொடுக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. அதை உடனே நிறுத்தவேண்டும், அது தூக்கமல்ல, மருந்தின் பக்கவிளைவு. காப்பியோ அடினோசின் ஏற்பியை அடைத்து, களைப்பின் செய்தி மூளைக்குப் போகாமல் தடுக்கிறது. களைப்பு அங்கேதான் இருக்கும், நமக்குத் தெரியாது. இத்தனை பூட்டுகள், இத்தனை சாவிகள். 'தூக்கம் வரலை, ஏதாவது ஒன்னு கொடுங்க' என்று கேட்பது, 'கதவு திறக்கலை, ஏதாவது ஒரு சாவி கொடுங்க' என்பது போலத்தான்.

அப்படியானால் மெலடோனினின் வேலைதான் என்ன? எலியைப் பாருங்கள், வௌவாலைப் பாருங்கள். இரவில் சுற்றித் திரியும் அவற்றுக்கும் மெலடோனின் இரவில்தான் சுரக்கிறது. தூங்கவைக்கும் பொருள் என்றால் வௌவால் இரவில் பறக்கவே முடியாதே! 'இருட்டிவிட்டது' என்பதுதான் அது கொண்டுபோகும் செய்தி. அந்தச் செய்தியைக் கேட்டு என்ன செய்வது என்பதை அந்தந்த உயிர் முடிவு செய்கிறது. மனிதன் படுக்கத் தயாராகிறான், வௌவால் கிளம்பத் தயாராகிறது.

உடல் கடிகாரத்தைப் பற்றிய ஆய்வில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெருமை உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே. சந்திரசேகரன், மாரிமுத்து, சுப்பராஜ் ஆகியோர் 1970-களில் சமணர் மலைக் குகை வௌவால்களை ஆராய்ந்தார்கள். பகலா இரவா என்றே தெரியாத இருண்ட குகைக்குள் கூண்டில் வைக்கப்பட்ட வௌவால், வெளியே போய்வரும் தன் கூட்டத்தின் நடமாட்டத்தை வைத்தே நேரத்தைச் சரிசெய்துகொண்டது. கூட்டத்திலிருந்து பிரித்தால் அதன் கடிகாரம் தன்போக்கில் ஓடியது. மனிதர்களையும் நேரம் தெரியாத அறைகளில் தங்கவைத்து அங்கே ஆய்வு செய்தார்கள். கடிகாரம் உள்ளே இருக்கிறது. ஆனால், நாள்தோறும் யாராவது அதற்குச் சாவி கொடுக்கவேண்டும். மனிதனுக்கு அந்த வேலையை முதன்மையாகச் செய்வது வெளிச்சம். கண்ணின் விழித்திரையில் பார்வைக்கென்று இல்லாமல் நீல ஒளியை உணர்வதற்கென்றே சில செல்கள் உண்டு. அவை மூளையின் நடுவிலுள்ள கடிகாரத்துக்குச் செய்தி அனுப்ப, அது பினியல் சுரப்பியை அடக்குகிறது அல்லது விடுவிக்கிறது. அந்தக் கடிகாரச் செல்களிலும் எம்.டி.1, எம்.டி.2 ஏற்பிகள் இருக்கின்றன. ஆகவே, மெலடோனின் கடிகாரத்தின் கட்டளைக்குச் சுரப்பது மட்டுமல்ல, திரும்பி வந்து கடிகார முள்ளையே நகர்த்தவும் செய்கிறது. மாலையில் உட்கொண்டால் கடிகாரம் முன்னே நகரும். காலையில் உட்கொண்டால் பின்னே நகரும். நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு, தூக்கம் வரவில்லையே என்று ஒரு கம்மியை வாயில் போடும் மாணவனுக்கு அதனால் பயன் கிடைப்பது அரிது.

இனி நம் நெகிரி செம்பிலானுக்கு வருவோம்.

1981 டிசம்பர் 31 இரவு 11.30 மணிக்குத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டு நள்ளிரவு 12 ஆக்கப்பட்டன. சபா, சரவாக்கோடு நேரம் ஒன்றாகவேண்டும் என்பதற்காக. நாடு ஒன்றானது நல்லதுதான். ஆனால், சூரியன் அந்த உத்தரவைக் கேட்கவில்லை. சிரம்பானில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக மதியம் 1.12 மணிக்கு. விடிவது ஆண்டின் காலத்தைப் பொறுத்து ஏறக்குறைய காலை 6.55 முதல் 7.25 வரை. பிப்ரவரியில் காலை 7.30-க்கு வகுப்பு தொடங்கும் பள்ளியில், சூரியன் தலைகாட்டி ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். பாஹாவ், ஜெராம் பாடாங், லாபு, சுவா பெத்தோங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பட்டணத்துப் பள்ளிக்குப் பேருந்து ஏறும் பிள்ளை எத்தனை மணிக்கு எழுந்திருப்பான் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்நேரம் அவன் இரத்தத்தில் மெலடோனின் இன்னும் வடியவில்லை. அவனுடைய ஏற்பிகள் 'இன்னும் இரவு' என்றே சொல்லிக்கொண்டிருக்கின்றன. போதாததற்குப் பருவ வயதில் மெலடோனின் சுரப்பு தொடங்கும் நேரம் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. ஆக, இரவு பதினொன்றுக்குத் தூக்கம் வரவில்லை என்று அவன் சொல்வது எல்லா நேரமும் சாக்கு அல்ல.

"எங்க காலத்துல நாலரைக்கு எழுந்து, அஞ்சரைக்குப் பெரட்டுக்கு நின்னோம். இவனுங்களுக்கு என்ன?" என்று தாத்தாமார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இரப்பர் மரத்தில் பாலின் அழுத்தம் விடியலுக்கு முன்தான் அதிகம். வெயில் ஏறினால் ஓட்டம் குறையும். அதனால் பால்மரம் வெட்டியவர்கள் நெற்றி விளக்கோடு இருட்டில் போனார்கள். ஆனால், அந்தத் தாத்தா எத்தனை மணிக்குப் படுத்தார்? பல தோட்டங்களில் இரவு ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் மின்னாக்கி நின்றுவிடும். லயம் முழுக்க இருட்டு. காலையில் மூன்று நான்கு மணி நேரம் திறந்த வெளியில் பகலொளி. கடிகாரத்துக்குச் சாவி இருபக்கமும் சரியாகக் கொடுக்கப்பட்டது. 2013-இல் அமெரிக்காவின் கொலராடோவில் கென்னத் ரைட் என்ற ஆய்வாளர் சிலரை மின்விளக்கோ கைப்பேசியோ இல்லாமல் ஒரு வாரம் மலையில் கூடாரமிட்டுத் தங்கவைத்தார். அவர்களுடைய மெலடோனின் சுரப்பு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னே வந்துவிட்டது. எந்த மாத்திரையும் கொடுக்கவில்லை. நம் தாத்தாக்கள் ஆயுள் முழுவதும் இருந்தது அந்த மாதிரிக் கூடாரத்தில்தான். பேரப்பிள்ளையோ வெள்ளை விளக்கின் கீழே, முகத்துக்கு நேரே திரையோடு நள்ளிரவுவரை உட்கார்ந்திருக்கிறான்.

அளவைப் பற்றியும் சொல்லவேண்டும். 'கம்மி' என்று பெயர் இருந்தாலும் அதிலுள்ள அளவு கம்மி இல்லை. இயல்பாக இரவில் இரத்தத்தில் இருக்கும் அளவை எட்ட 0.3 மில்லிகிராம் போதும் என்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ரிச்சர்டு வுர்ட்மன் குழு காட்டியிருக்கிறது. விற்பனையில் இருப்பவை 3, 5, 10 மில்லிகிராம். அதிலும் புட்டியில் எழுதியிருப்பதை நம்பமுடியாது. 2023-இல் அமெரிக்காவில் 25 வகை மெலடோனின் கம்மிகளைச் சோதித்தார்கள். 22-இல் அச்சிட்ட அளவு தவறு. எழுதியதில் 74 விழுக்காடு முதல் 347 விழுக்காடுவரை இருந்தது. ஒன்றில் மெலடோனினே இல்லை. 2012-இல் அந்நாட்டு நச்சு முறிவு மையங்களுக்குப் பிள்ளைகள் மெலடோனின் விழுங்கியதாக வந்த அழைப்புகள் 8,337, 2021-இல் 52,563. மிட்டாய்போல் இருந்தால் பிள்ளை மிட்டாய்போல்தான் தின்னும்.

நம் சமூகம் கவனிக்கவேண்டிய இன்னொன்று: எம்.டி.2 ஏற்பி மூளையில் மட்டும் இல்லை, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களிலும் இருக்கிறது. அந்த ஏற்பியின் மரபணுவில் பரவலாகக் காணப்படும் ஒரு சிறு மாற்றம் இரண்டாம் வகை நீரிழிவோடு தொடர்புடையது என்று 2009-இல் தெரியவந்தது. மெலடோனின் மிகுந்திருக்கும் நேரத்தில் சாப்பிட்டால், அந்த மாற்றம் உள்ளவர்களுக்குச் சர்க்கரை கூடுதலாக ஏறுகிறது. மலேசிய இந்தியரிடையே நீரிழிவு மற்ற இனத்தவரைவிட அதிகம் என்பதைத் தேசிய சுகாதார ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இரவு பதினொன்றுக்கு ரொட்டி சானாயும் தே தாரேக்கும், அதன்மேல் 10 மில்லிகிராம் மெலடோனின் — இந்தச் சேர்க்கை எனக்கு அச்சமூட்டுகிறது.

மெலடோனினே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு, பார்வையற்றோருக்கு, சுழல் ஷிப்ட் வேலையில் தவிப்பவர்களுக்கு மருத்துவர்கள் இதை அளந்து, நேரம் குறித்துக் கொடுக்கிறார்கள், பலன் கிடைக்கிறது. செனவாங், நீலாய் தொழிற்சாலைகளில் இரவு வேலை முடித்து, காலை வெயில் முகத்தில் அடிக்க வீடு திரும்புகிறவர்கள் முதலில் செய்யவேண்டியது வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி அணிவதும், படுக்கும் அறைச் சன்னலுக்குக் கனத்த திரை போடுவதும்தான். அதற்கும் மசியாவிட்டால் அரசாங்கச் சுகாதார கிளினிக்குக்குப் போங்கள். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஃபுளுவோக்சமின் என்ற மனநல மருந்து, மெலடோனினைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுத்து, இரத்தத்தில் அதன் அளவைப் பன்மடங்காக்கிவிடும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். எதை வாங்கினாலும் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள்; தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையத்தளத்தில் அந்த எண்ணைத் தேடிச் சரிபார்க்கலாம். விழுங்கிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறாதீர்கள்.

மாணவர்களுக்கோ, மாத்திரைக்கு முன் நாம் செய்யாமல் விட்டவை நிறைய இருக்கின்றன. பத்து மணிக்கு மேல் கைப்பேசி கூடத்தில் இருக்கட்டும், படுக்கையில் வேண்டாம். வெள்ளை விளக்குக்குப் பதில் மஞ்சள் விளக்கு. சனி, ஞாயிறு பத்துமணிவரை தூங்கவிடாமல் எட்டு மணிக்காவது எழுப்பி வெளியே அனுப்புங்கள். பள்ளிகளும் காலைச் சபையை மண்டபத்துக்குள் நடத்தாமல் திடலில் நடத்தினால் அந்த இருபது நிமிட வெளிச்சம் வீண்போகாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014-இலேயே இடைநிலைப்பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக்கூடாது என்று பரிந்துரைத்தது. நம் 7.30 என்பது சூரியக் கணக்கில் ஏறக்குறைய 6.18. நேரத்தை மாற்றுவது அமைச்சின் கையில் இருக்கிறது; கேட்பது நம் கையில்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். பள்ளிப் பேருந்து ஒன்றே இரண்டு நடை போவதால், முதல் நடையில் ஏறும் தோட்டத்துப் பிள்ளை பள்ளி தொடங்குவதற்கு முக்கால் மணி நேரம் முன்பே வந்து சிற்றுண்டிச்சாலை மேசையில் தலைவைத்துத் தூங்குவதை நான் பார்க்கிறேன். அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதை எழுப்புங்கள்: எந்த நடையில் யார் ஏறுகிறார்கள், முதல் நடையும் இரண்டாம் நடையும் வாரம் மாற்றி வாரம் மாறலாமா, இரண்டு தோட்டத்தார் சேர்ந்து ஒரு வேன் பிடித்தால் தலைக்கு எவ்வளவு ஆகும். கணக்குப் போட ஒரு வெள்ளைத்தாள் போதும்.